என் மகனின் தோள் காய்ப்பு

எங்கள் வீட்டு ஆண்களைக் கூட்டத்தில் அடையாளம் காட்டுவது சுலபம். மேல்துண்டை எடுக்கச் சொன்னால் போதும். வலது தோளில், கழுத்துக்கும் கைக்கும் நடுவே, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தாற்போல ஒரு மேடு இருக்கும். என் மாமனாருக்கு இருந்தது. அவர் என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும்தான். நான் கட்டிக்கொண்டது என் தாய்மாமனை. என் வீட்டுக்காரருக்கும் இருந்தது. அவருடைய தம்பிக்கு, நான் சின்ன மாமா என்று கூப்பிடுகிறவருக்கு, இன்றைக்கும் இருக்கிறது. பெருமாளைச் சுமந்து சுமந்து வந்த காய்ப்பு அது.

எங்களைப் பாதந்தாங்கிகள் என்பார்கள். கோவிலை விட்டுப் பெருமாள் வெளியே வந்தால் பல்லக்குத் தண்டுக்கு அடியில் எங்கள் ஆட்கள்தான் நிற்பார்கள். இதற்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு மாலை, ஒரு பரிவட்டம், இலையில் புளியோதரை. அதை வைத்துக்கொண்டு நாங்கள் தலை நிமிர்ந்து நடந்தோம். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதையும் அப்படித்தான் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். ஆனால் புறப்பாட்டு அன்று எங்கள் தெரு டீச்சரம்மாவும், கல்பாக்கத்தில் பெரிய வேலை பார்க்கிறவரின் சம்சாரமும் எனக்கு வழிவிட்டு நிற்பார்கள். கற்பூரத் தட்டு முதலில் எங்கள் வீட்டுப் பெண்களிடம்தான் வரும். அந்த நேரத்தில் என் கழுத்து கொஞ்சம் நீளமாகிவிடும், அதை நான் மறைக்க மாட்டேன்.

மாசி மகத்துக்குப் பெருமாள் மாமல்லபுரம் கடலுக்குப் போவார். முன்பெல்லாம் ஊரிலிருந்து கரை வரைக்கும் தோள்தான். இப்போது ரோட்டில் டிராக்டரில் போகிறார். சவுக்குத் தோப்பு தாண்டியதும் மணல் ஆரம்பிக்கும். அங்கே டிராக்டர் நின்றுவிடும். அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் தோள் வேண்டும். கால் புதைகிற மணலில், பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிற இடத்தில், சாயாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மணலில் சுமக்கிறவன்தான் பாதந்தாங்கி என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. தண்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம். மணலில் யார் தோள் கொடுக்கிறானோ அவனுக்கு அந்த இடம். ஒரு வீட்டு ஆள் நகர்ந்துவிட்டால் அடுத்த பங்காளி நுழைந்துவிடுவான். நுழைந்தவனை வெளியே போகச் சொல்ல முடியாது.

முன் தண்டில் வலது பக்கம் எங்கள் வீட்டு இடம். என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனதும் என் மகன் அங்கே நின்றான்.

அவன் பிறந்ததிலிருந்தே பூஞ்சை உடம்பு. குழந்தையில் போட்ட காசநோய்த் தடுப்பூசிக்கு அக்குளில் நெறி கட்டி, அது பழுத்து உடைந்து, மாதக்கணக்கில் சீழ் ஒழுகியது. அப்புறம் கழுத்தில் கட்டி, தொடையில் கட்டி. ஒன்று ஆறினால் இன்னொன்று வரும். இவனுக்கு முன்னால் பிறந்த ஒரு பையன் ஈரலில் சீழ் வைத்து, பேச்சு வருவதற்குள் போய்விட்டான். மகள் ஒருத்திதான் தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். சூட்டு உடம்பு, கெட்ட ரத்தம், திருஷ்டி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் வேப்பிலை அரைத்தேன், வேண்டிக்கொண்டேன், டாக்டரிடமும் ஓடினேன். எப்படியோ அவன் வளர்ந்து, கேளம்பாக்கத்தில் செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒல்லியான பையன். ஆனால் திருநாள் வந்தால் லீவு போட்டுவிட்டு வந்து தண்டுக்கு அடியில் நிற்பான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவன் தோள் கொடுக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு கருடசேவை முடிந்து எல்லாரும் எங்கள் வாசலில் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன மாமா அவன் முதுகில் கை வைத்தவர், கையை எடுக்கவில்லை.

"யம்மாடி பொண்ணே, இங்க வா! புள்ளைக்கு முத்திரை வுழுந்துகீது பாரு!"

நான் ஈரக் கையோடு ஓடினேன். தோளுக்குப் பின்பக்கம், பட்டை எலும்பை ஒட்டி, ஒரு வீக்கம்.

"அதுக்குள்ளவா மாமா? அவருக்கு எவ்ளோ வருசம் ஆச்சு!"

"ரத்தம் பேசுது பொண்ணே. எங்க அண்ணாத்த ரத்தம்."

"சித்தப்பா, அமுக்காத. வலிக்குது," என்றான் அவன்.

"வலிக்காம முத்திரை வருமா? நீ இன்னா, செல்போனா தூக்கினு கீற? பெருமாள்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் வலியோடு சிரித்தான். காய்ப்பு மேலே அல்லவா இருக்க வேண்டும், இது கீழே இறங்கி இருக்கிறதே என்று நான் கேட்டேன். அவன் தண்டைக் கொஞ்சம் பின்னால் வாங்கிச் சுமக்கிறான், அதனால்தான் என்றார் சின்ன மாமா. எனக்கும் அது சரியாகப் பட்டது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன். டீச்சரம்மா வீட்டுக்கு ஒரு டம்ளர் கொடுத்தனுப்பினேன். காரணம் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் கொடுத்தனுப்பினேன். அந்தம்மா கேட்டார், நான் சொன்னேன்.

என் வீட்டுக்காரரின் காய்ப்பை நான் எத்தனையோ வருடம் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டிருக்கிறேன். செருப்புத் தோல் மாதிரி மரத்துப்போய்க் குளிர்ந்திருக்கும். இவனுடையதில் சந்தனம் குழைத்துப் போடும்போது உள்ளங்கையில் சூடு தெரிந்தது. புதுசு அல்லவா, பழகினால் ஆறிவிடும் என்று நினைத்தேன். சந்தனம் சீக்கிரம் காய்ந்து உதிர்ந்தது. மறுபடி குழைத்தேன்.

அதற்குப் பிறகு இருமல் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. வேர்த்து வேர்த்துச் சட்டை நனையும். கடையிலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். பக்கத்தில் ஒரு டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டி.பி. என்றார். மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார்கள். சொன்ன மாதிரியே போனது. ஆனால் காய்ச்சல் போகவில்லை. சொன்ன நாள் வரைக்கும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டான். முதுகு வீக்கம் பழுத்து ஒரு சின்ன வாய் திறந்தது. அதிலிருந்து நீர் மாதிரி ஒழுகியது. அப்போதுதான் எனக்கு அது காய்ப்பு இல்லை என்று உறைத்தது. காய்ப்பு ஒழுகாது.

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும். படம் எடுத்தார்கள், குழாய்க்குள் படுக்கவைத்து எடுக்கிற படமும் எடுத்தார்கள். ஊசியை உள்ளே விட்டு எலும்பில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது வருவதற்குச் சில நாள் ஆனது. வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மா, இது டி.பி. இல்லை. பூஞ்சைக் காளான். மூச்சு வழியா நுரையீரலுக்குப் போய், அங்கேருந்து விலா எலும்புக்குப் பரவியிருக்கு. தோள்பட்டை எலும்பு ஓரத்தையும் தொட்டிருக்கு."

"பூசணமா? ஊறுகா மேல பூக்குமே, அதுவா?"

"அந்த ஜாதிதான்."

"எலும்புல எப்படிம்மா பூசணம் புடிக்கும்? உசுரோட கீறவன் எலும்புல?"

"மத்தவங்களுக்குப் பிடிக்காது. அதனாலதான் எனக்குச் சந்தேகம். சின்ன வயசுல இவருக்கு என்னென்ன வந்தது, சொல்லுங்க."

சொன்னேன். தடுப்பூசி போட்ட அக்குளில் சீழ் வைத்தது, கட்டிகள், முன்னால் போன பையன், எல்லாம். அவர் எழுதிக்கொண்டே வந்து நிமிர்ந்தார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமா. எங்க தாய்மாமன்தான்." இதை நான் எப்போதும் ஒரு மிடுக்கோடுதான் சொல்வேன். உரிமைப்பட்ட இடம், வெளியே போகவில்லை என்று. அன்றைக்கும் அப்படித்தான் வாயில் வந்தது. அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவனுடைய ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

பதில் வந்த பிறகு அவர் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். நம் ரத்தத்தில் காவல்காரர்கள் மாதிரி வெள்ளை அணுக்கள் இருக்கின்றனவாம். கிருமி வந்தால் பிடித்து விழுங்கிக் கொன்றுவிடுமாம். என் மகனுடைய அணுக்களுக்குப் பிடிக்கத் தெரியும், விழுங்கத் தெரியும், கொல்லத் தெரியாது. விழுங்கின கிருமி உள்ளேயே உயிரோடு கிடக்கும். அதனால்தான் சும்மா போகிற கிருமியும் அவனுக்குக் கட்டியாக நிற்கிறது. பிறவியிலேயே வந்தது. அப்பாவிடம் ஒரு பாதி, அம்மாவிடம் ஒரு பாதி ஒளிந்திருக்கும். தனித்தனியாக இருந்தால் யாரையும் ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால் இப்படி. சொந்தத்தில் கட்டின எல்லாருக்கும் வராது, உங்கள் மேல் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சின்ன மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. ரத்தம் பேசுகிறது என்றாரே, பேசியது இதைத்தான்.

"பூசணம் எங்கேருந்து வந்துதும்மா?"

"வைக்கோல், சாணம், ஈர இலைக்குப்பை, இதுல எல்லாம் நிறைய இருக்கும். வேலை செய்யற இடத்துல அப்படி ஏதாவது உண்டா?"

தோளுக்கும் தண்டுக்கும் நடுவே வைக்கோலைத் துணியில் சுற்றித் திண்டு வைப்போம். சுமக்கிறவன் முகம் அதன் மேலேயே இருக்கும். வேர்வையிலும் ஐப்பசி மழையிலும் நனைந்த திண்டை வாகன மண்டபத்து இருட்டில் போட்டு வைப்பார்கள். அடுத்த திருநாளுக்கு எடுத்துத் தட்டினால் புகை மாதிரி பறக்கும். அதை எல்லாரும்தான் மூச்சில் வாங்கினார்கள். சின்ன மாமா ஆயுசு பூராவும் வாங்கினார், ஒரு தும்மலோடு சரி. அதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

அவர் அடித்துச் சொன்னது வேறு ஒன்று. விலா எலும்பு உள்ளே அரித்துப்போய் அப்பளம் மாதிரி இருக்கிறது. கொஞ்ச வாரம் மருந்து கொடுத்துவிட்டு, கெட்ட எலும்பை வெட்டி எடுக்க வேண்டும். அது வரைக்கும் பாரம் தூக்கக் கூடாது. அதற்கு அப்புறமும் கூடாது.

"எப்பவுமேவா டாக்டர்?" என்று கேட்டான் மகன்.

"தோள்ல எதுவும் ஏத்தாதீங்க. உயிர் முக்கியம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "யம்மா, யாருக்கும் சொல்லாத. டி.பி.ன்னே இருக்கட்டும். டி.பி.ன்னா சரியாப் பூடும்னு இடத்தை வுட்டு வைப்பாங்க. இதுன்னா முடிஞ்சிச்சு."

சரி என்றேன். அவனுக்காக மட்டும் சரி சொல்லவில்லை. பாதந்தாங்கி வீட்டு ரத்தத்தில் குறை இருக்கிறது என்று தெருவில் எவளும் சொல்லக் கூடாது என்றும் எனக்கு இருந்தது. பாயசம் கொடுத்த கை அல்லவா.

மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளில் மாசி மகம் வந்துவிட்டது.

"மணல்ல மட்டும் குடுக்கறேன்மா. ஒரே ஒரு தபா. அப்புறம் எலும்ப வெட்டட்டும், இன்னாவோ பண்ணட்டும்," என்று கேட்டான்.

"வேணாம் நைனா. எலும்பு உள்ள ஒண்ணுமில்லாம கீதுன்னு அந்தம்மா சொல்லல?"

"டி.பி.ன்னு சொன்னாலும் மணல்ல நான் வுட்டா படாளத்துக்காரன் பூந்துடுவான்." அது எங்கள் பங்காளி வீடு, படாளத்தில் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பூந்துக்கட்டும்."

"நீயா சொல்ற இத?"

நான்தான் சொன்னேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் "சரி, பாக்கறதுக்காவது வரேன்," என்றான். வெயில் படக் கூடாது, அந்த மாத்திரைக்கு முகம் வெந்துபோகும் என்று தலையில் துண்டு போடச் சொன்னேன். போட்டுக்கொண்டான். நம்பினேன்.

மாமல்லபுரம் கரையில் அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இருளர் குடும்பங்கள் முன்தினமே வந்து மணலில் புடவையைக் கட்டிக் குடில் போட்டிருப்பார்கள். பஜ்ஜிக் கடை, வளையல் கடை, பொம்மைக் கடை. நான் தண்ணீர் ஓரமாக மற்றப் பெண்களோடு நின்றேன். நாகஸ்வரம் தோப்புப் பக்கம் கேட்டது. குடை தெரிந்தது. அப்புறம் பல்லக்கு தெரிந்தது. அலையில் படகு மாதிரி மேலேயும் கீழேயும் அசைந்து வந்தது. சின்ன மாமா முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே அடி சொல்லிக்கொண்டு வந்தார்.

"மெதுவா... மெதுவா... பள்ளம் கீது... எடப்பக்கம் ஏத்து..."

முன் தண்டு, வலது பக்கம். தலையில் துண்டைக் காணோம். என் மகன்.

பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு தெரிந்தது. ஆனால் அவன் முகத்தில் இருந்தது வலி இல்லை. அதை நான் எப்படி எழுதுவது? அவன் அப்பா முகம் அது. பக்கத்தில் நின்ற டீச்சரம்மா, "உங்க பையன் நல்லாயிட்டானா? பாருங்க, எப்படித் தூக்கிட்டு வரான்!" என்றார். எனக்குக் காதில் அப்பளம் என்கிற சொல்தான் ஓடியது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் எனக்குத் தெரியும்.

நடந்துவிட்டேன். பெருமாள் வருகிற வழியில் குறுக்கே போய், தண்டுக்கு நேராக நின்றேன். எங்கள் வீட்டுப் பெண் எவளும் செய்யாத காரியம். பல்லக்கை நடு மணலில் நிறுத்துகிற வழக்கம் கிடையாது.

"ஏய் பொண்ணே! இன்னா பண்ற? பெருமாள் வராரு, ஒதுங்கு!" என்று சின்ன மாமா கத்தினார்.

"என் புள்ளய வுடு மாமா."

"பைத்தியமா உனக்கு? மணல்ல எறக்கக் கூடாது, ஒதுங்கு!"

"எறக்க வேணாம். இவன வெளிய வுடு."

"யம்மா," என்றான் மகன். தண்டுக்கு அடியில் தலை சாய்ந்திருந்தது, கண் மட்டும் என்னைப் பார்த்தது. "எல்லாரும் பாக்கறாங்கம்மா. இன்னும் கொஞ்ச தூரம்தான். தண்ணி தெரியுது பாரு."

"பாக்கட்டும்," என்று சொல்லி அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டத்திலிருந்து ஓ என்று சத்தம் வந்தது. சாய்ந்த பாரத்துக்கு அடியில் படாளத்துப் பையன் பாய்ந்து தோள் கொடுத்தான். பெருமாள் நிமிர்ந்தார். நாகஸ்வரக்காரர் விட்ட இடத்தில் மறுபடி பிடித்தார். எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சின்ன மாமா என்னைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் கையில் அவன் வேட்டி நுனி இருந்தது. அவன் அதை மெதுவாக உருவிக்கொண்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரையில் ஏற்றி வைத்திருந்த மீன்பிடிப் படகுகள் பக்கம் நடந்து போய் நிழலில் உட்கார்ந்தான். பெருமாள் கடலாடி முடித்து, கூட்டம் எல்லாம் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளும்போது அவன் அங்கேயேதான் இருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன் நகர்ந்து வேறு படகுக்குப் போனான். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இடம் இருந்தது. அவன் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான்.

அதற்குக் கொஞ்ச நாளில் ஆபரேஷன் நடந்தது. விலா எலும்பில் துண்டு துண்டாக எடுத்தார்கள், தோள்பட்டை எலும்பின் ஓரத்தையும் செதுக்கினார்கள். நான் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சின்ன மாமா வந்தார். கடற்கரைக்குப் பிறகு அன்றைக்குத்தான் முகம் பார்த்தோம். கையில் பெருமாளுக்குச் சாத்தின மாலை, துளசியோடு, ஈரம் சொட்டச் சொட்ட.

வாசலில் நர்சு தடுத்துவிட்டாள். "பூ, இலை எதுவும் உள்ள கூடாது. அந்தப் பேஷண்டுக்கு ஆகவே ஆகாது."

அவர் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். "சாமி மாலகூட ஆகாதா அவனுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் முதல் தடவையாக அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பூசணம், ரத்தம், அப்பளம் மாதிரி எலும்பு, வைக்கோல் திண்டு. அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். அப்புறம் பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"மின்னாடியே சொல்லியிருந்தா நானே அவன ஒதுக்கியிருப்பேனே, பொண்ணே. ஒதுக்கிட்டு ஒரு மரியாத பண்ணியிருப்பேன். பரிவட்டம் கட்டி, பெருமாளுக்கு மின்னாடி குடை புடிக்க வுட்டிருப்பேன். குடை இன்னா கனம்? அவன் மணல்ல நடந்திருப்பான்."

மாலையிலிருந்து பெஞ்சில் சொட்டிய தண்ணீரை நான் முந்தானையால் துடைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வந்ததும் கேட்டேன். கடற்கரையில் நடந்ததைச் சொல்லி, அன்றைக்குத் தண்ணீர் வரைக்கும் சுமந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் யோசித்தார். "எலும்பு முறிஞ்சு நுரையீரல்ல குத்தியிருக்கலாம். ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். என்னால சொல்ல முடியலைம்மா," என்றார். உண்மையைச் சொன்னார். பொய்யாகவாவது ஏதாவது ஒரு பக்கம் சொல்லியிருக்கலாம்.

அவனை வெளியே இழுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் அப்படி வந்தால் இழுப்பேன். என் வருத்தம் சின்ன மாமா சொன்ன அந்தக் குடை மேல்தான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை அது. எங்கள் பெருமையைக் காப்பாற்ற நானும் என் மகனும் வாயை மூடிக்கொண்டோம். வாயை மூடியதால் அவனுக்குக் கிடைக்க இருந்த கடைசி மரியாதை போனது. ஊர் கூடின இடத்தில், பெற்றவள் வேட்டியைப் பிடித்து இழுத்ததுதான் அவனுக்குக் கிடைத்தது. அதற்கு அப்புறம் குடை கொடுக்க வந்தார்கள். சின்ன மாமாவே வீட்டுக்கு வந்து கேட்டார். "வேணாம் சித்தப்பா. வெயில் ஆவாது, கூட்டம் ஆவாது, பூ ஆவாது. நான் குடை புடிச்சா, எனக்கு ஒருத்தன் குடை புடிக்கணும்," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். கோவில்காரர்களும் ஒரு தடவை வந்தார்கள், தண்டில் எங்கள் வீட்டு இடத்தைப் படாளத்துக்காரர்களுக்கே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்க. அவன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "எங்க வூட்ல இன்னொரு ஆள் கீது. எங்கம்மா. பல்லக்கையே நிறுத்துன ஆளு. அதக் கேளுங்க, அது தூக்கும்."

வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்கள். நான் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

இப்போது அவனுக்குக் காய்ச்சல் இல்லை. முதுகில் காயம் ஆறி, பள்ளமாக ஒரு தழும்பு. பூசணத்துக்கு ஒரு மாத்திரை, கிருமி வராமல் இருக்க ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். கடையில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்து செல்போனைப் பிரித்துச் சரி செய்கிறான். வீட்டில் நான் பெருக்கும்போது வெளியே போய்விடுவான். துளசி மாடத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என்னோடு பேசுகிறான். சாப்பாடு, பஸ், ஆஸ்பத்திரி என்று வேண்டியதைப் பேசுகிறான். கடற்கரையைப் பற்றி இருவரும் பேசினதில்லை. நான் ஆரம்பிப்பேன். அவன் செல்போனை எடுப்பான்.

வலது கை காது வரைக்கும்தான் உயரும். அதற்கு மேல் போகாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவனுடைய மாத்திரை டப்பாவை மேல் தட்டிலிருந்து எடுத்து, கைக்கு எட்டுகிற மாதிரி கீழ்த் தட்டில் வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் டப்பா மேல் தட்டில் இருக்கிறது. நான் கீழே வைத்தேன். மறுபடி மேலே போய்விட்டது. இப்போது நான் அதைத் தொடுவதில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து அலமாரிக்கு முன்னால் நிற்பான். இடது கையால் எடுக்கலாம். எடுக்க மாட்டான். வலது கையைத் தூக்குவான், அது காதோடு நின்றுவிடும். அப்புறம் குதிகாலை எம்பி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, விரல் நுனியால் டப்பாவைத் தட்டித் தட்டி ஓரத்துக்குக் கொண்டுவருவான். அதுவரைக்கும் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கொதிக்காத பாலைக் கிளறிக்கொண்டிருப்பேன்.